முதல் டீக்கு முன்னாலேயே பேசி முடிச்சிடு!
ஜோடி கோல்ஃப் ஆடப் போற தங்கச்சிக்கு அக்காவோட டிப்ஸ்

நந்தனத்துல சனிக்கிழமை காலையில ஜோடி ஆட்டம், ஒரு ஆள் குறையுது, வர்றியான்னு கிளப் சிநேகிதங்க உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. உடனே சரின்னு சொல்லிட்டு, இப்போ ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணி "அக்கா, பயமா இருக்கு"ங்கறே. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லடி. உன் டிரைவ் எப்படிப் போகுதுன்னு அங்கே யாரும் அளந்து பார்க்கப் போறதில்லை. இத்தனை வருஷமா நந்தனம் காஸ்மோ கிளப்லயும் கிண்டி ஜிம்கானா கிளப்லயும் நான் பார்த்த வரைக்கும், சிநேகிதங்களுக்குள்ள நடக்கற ஜோடி ஆட்டத்துல மனஸ்தாபம் வர்றதெல்லாம் பேசாம விட்ட விஷயத்தாலதான். எத்தனை ஸ்ட்ரோக் தரணும், எந்த பட்டை விட்டுக் கொடுக்கறது, டிபன் பில் யாரோடது, இந்த மூணும் பாதி ஆட்டத்துல கிளம்பும். அதனால பேச வேண்டியதை முதல் டீல கால் வைக்கறதுக்கு முன்னாலேயே பேசி முடிச்சிடு. அப்புறம் நிம்மதியா பந்தை அடி.

1. என்ன ஆட்டம்னு முதல்ல கேளு

"ஜோடி ஆட்டம்"னு சொன்னா போதாது. அதுலயே நாலு வகை உண்டு.

ஃபோர்பால்: நாலு பேருக்கும் தனித்தனிப் பந்து. ஒவ்வொரு ஹோல்லயும் ஜோடியில யாரோட ஸ்கோர் நல்லதோ அதுதான் கணக்கு. புதுசா வர்றவங்களுக்கு இதுதான் தோது. நீ ஒரு ஹோல்ல சொதப்பினாலும் உன் ஜோடி காப்பாத்துவாங்க.

ஃபோர்சம்ஸ்: ஜோடிக்கு ஒரே பந்து, மாத்தி மாத்தி அடிக்கணும். ஒருத்தர் ஒத்தைப்படை ஹோல்கள்ல டீ அடிச்சா, இன்னொருத்தர் இரட்டைப்படையில. நீ பங்கர்ல போட்டா வெளியே எடுக்கறது உன் ஜோடி. பொறுமையை இதைவிட நல்லா சோதிக்கற ஆட்டம் கிடையாது.

கிரீன்சம்ஸ்: ரெண்டு பேருமே டீ அடிப்பாங்க. நல்லா விழுந்த ஒரு பந்தை வச்சுக்கிட்டு, அங்கேருந்து மாத்தி மாத்தி.

ஸ்கிராம்பிள்: ஒவ்வொரு ஷாட்டும் ரெண்டு பேரும் அடிச்சு, நல்லதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி அதே இடத்துலேருந்து ரெண்டு பேரும். கம்பெனி டோர்னமென்ட்டுக்கும், முதல் தடவை வர்ற விருந்தாளிக்கும் ஏத்தது.

நம்ம ஊர் வெயிலையும் கணக்குல எடுத்துக்கோ. மார்கழி, தை மாசக் காலையில ஃபோர்பால் ஆடி நிதானமா நடக்கலாம். கத்திரி வெயில்ல ஃபோர்சம்ஸ் பேசு. மைதானத்துல நாலு பந்துக்குப் பதில் ரெண்டே பந்துதான், ஆட்டம் சீக்கிரம் முடியும். ஐப்பசி மழையில புல்லு சேறா இருந்தா, ஃபேர்வேல பந்தைத் துடைச்சு வைக்க அன்னிக்கு அனுமதி உண்டான்னு ஸ்டார்ட்டர்கிட்ட கேட்டுக்கோ. இது கமிட்டி முடிவு பண்ற லோக்கல் ரூல். நாலு பேரா இஷ்டத்துக்கு வச்சுக்கக் கூடாது.

2. ஹேண்டிகேப் கணக்கை முந்தின ராத்திரியே வாட்ஸ்அப்ல போடு

ஹேண்டிகேப் கார்டுல இருக்கற இன்டெக்ஸ் வேற, அன்னிக்கு ஆடற டீக்கு வர்ற கோர்ஸ் ஹேண்டிகேப் வேற. கணக்கு போட வேண்டியது ரெண்டாவதை வச்சு. 2020-ல உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்த பிறகு, ஃபோர்பால் மேட்ச் ப்ளேக்கு 90 சதவீதம்னு பரிந்துரை இருக்கு. உனக்கு 30, உன் ஜோடிக்கு 10, எதிர்ல ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 24-னு வச்சுக்கோ. 90 சதவீதம் எடுத்தா 27, 9, 16, 22. எல்லாரையும்விடக் குறைச்சல் 9. அது உன் ஜோடி, அவங்க ஸ்ட்ரோக் இல்லாம ஆடணும். மத்தவங்களுக்கு வித்தியாசம்தான் ஸ்ட்ரோக்: உனக்கு 18, எதிர்ல 7, 13.

இந்த ஸ்ட்ரோக் எந்த ஹோல்ல கிடைக்கும்னு கார்டுல "ஸ்ட்ரோக் இன்டெக்ஸ்" வரிசை சொல்லும். 7 ஸ்ட்ரோக் இருக்கறவங்களுக்கு இன்டெக்ஸ் 1-லேருந்து 7 வரைக்கும் இருக்கற ஹோல்கள்ல ஒவ்வொண்ணு. உனக்கு 18, அதாவது எல்லா ஹோல்லயும் ஒண்ணு. இப்போ இன்டெக்ஸ் 9 இருக்கற ஒரு பார் 4-ஐ எடுத்துக்கோ. உன் ஜோடி 5 அடிச்சாங்க, ஸ்ட்ரோக் கிடையாது, 5 தான். எதிர்ல 18 ஹேண்டிகேப்காரர் 5, அவருக்கும் இங்கே கிடையாது. 24 ஹேண்டிகேப்காரர் 6 அடிச்சு ஒண்ணு கழிச்சு 5. நீயும் 5 அடிச்சு ஒண்ணு கழிச்சா 4. அந்த ஹோல் உங்க ஜோடிக்கு, அதுவும் உன்னால! பெரிய ஹேண்டிகேப் இருக்கேன்னு கூச்சப்படறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தா போதும்.

இதே நாலு பேர் ஃபோர்சம்ஸ் ஆடினா, ஜோடியோட ஹேண்டிகேப்பைக் கூட்டிப் பாதியாக்கணும். உங்களுக்கு 40-ல பாதி 20, அவங்களுக்கு 42-ல பாதி 21. அவங்களுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக். கிரீன்சம்ஸுக்குக் குறைஞ்ச ஹேண்டிகேப்ல 60 சதவீதம், கூடினதுல 40 சதவீதம் சேர்த்துக்கணும்.

சில குரூப்ல "90-ம் கிடையாது, ஒண்ணும் கிடையாது, முழு வித்தியாசத்தையும் குடு"ம்பாங்க. குடுத்துட்டுப் போகட்டும், சிநேக ஆட்டம்தானே. நாலு பேரும் ஒரே கணக்குல இருக்கணும், அவ்வளவுதான். கார்டுல அவங்கவங்க ஸ்ட்ரோக் வர்ற ஹோல்ல பென்சில்ல ஒரு புள்ளி வச்சுடு. பதினாலாவது ஹோல்ல வேர்த்து விறுவிறுத்து நிக்கும்போது யாருக்கும் கூட்டல் கழித்தல் வராது.

3. யார் முதல்ல அடிக்கறதுன்னு முடிவு பண்ணு

ஃபோர்பால்ல உங்க முறை வரும்போது ரெண்டு பேர்ல யார் முதல்ல அடிக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம். ரூலே அனுமதிக்குது. நேரா, பத்திரமா அடிக்கறவங்க முதல்ல போகட்டும். ஒரு பந்து ஃபேர்வேல இருக்குன்னு தெரிஞ்சா அடுத்தவங்க தைரியமா வீசலாம். கிரீன்லயும் இதே. உன் பந்து கிட்டே இருந்து, நீ பாரை முடிச்சிட்டா, தூரத்துல இருக்கற உன் ஜோடி பர்டிக்கு முழு வேகத்துல பட் பண்ணலாம்.

ஃபோர்சம்ஸுக்குக் கார்டை ராத்திரியே பாரு. பார் 3 ஹோல்கள் ஒத்தைப்படையில நிறையவா, இரட்டைப்படையிலயான்னு எண்ணு. அயர்ன்ல கைதேர்ந்தவங்க அந்தப் பக்கத்தை எடுத்துக்கட்டும். பெனால்டி வந்தாலும் முறை மாறாது. உன் ஜோடி தண்ணியில போட்டா, அடுத்தது உன் முறைதான். முறை தப்பி அடிச்சா மேட்ச் ப்ளேல ஹோலே போயிடும்.

4. விட்டுக் கொடுக்கற பட்டுக்கு ஒரு அளவு வை

நம்ம ஆளுங்க "கிம்மி"ன்னு சொல்றதுதான் பெரும் சண்டைக்கு வித்து. முதல் மூணு ஹோல்ல நாலடி பட்டுக்கெல்லாம் "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க"ன்னு தாராளம். பதினேழாவது ஹோல்ல ஒண்ணரை அடிக்கு எல்லாரும் ஆகாயத்தைப் பார்ப்பாங்க. அதனால முதல்லயே சொல்லிடு: பட்டரோட பிடிக்குக் கீழே, லெதரைத் தாண்டாத தூரத்துல இருந்தா விட்டுக் கொடுக்கறது, அதுக்கு மேல போட்டே ஆகணும். முதல் ஹோலுக்கும் கடைசி ஹோலுக்கும் ஒரே அளவு.

ஒருதரம் விட்டுக் கொடுத்தா அதைத் திரும்ப வாங்க முடியாது. இன்னொரு நுணுக்கமும் இருக்கு. உன் பட்டை விட்டுக் கொடுத்தாச்சு, ஆனா உன் ஜோடியோட பந்து அதே வரிசையில இருக்கு. சும்மா பழக்கத்துக்குன்னு நீ பட் பண்ணிக் காட்டினா, பந்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போகும். அப்படி உதவினா அந்த ஹோல்ல அவங்க ஸ்கோரைக் கணக்குல எடுக்க முடியாது. பேசாம பந்தைக் கையில எடுத்துக்கோ. அப்புறம், இந்த விட்டுக் கொடுக்கறதெல்லாம் மேட்ச் ப்ளேல மட்டும்தான். ஸ்ட்ரோக் ப்ளேன்னா எல்லாத்தையும் குழிக்குள்ள போட்டாகணும்.

கோல்ஃப் சரித்திரத்துல பேர்போன கிம்மி 1969 ரைடர் கப்ல, ராயல் பர்க்டேல்ல நடந்தது. கடைசி ஹோல், கடைசி மேட்ச். அமெரிக்காவோட ஜாக் நிக்லஸ் தன்னோட பட்டைப் போட்டுட்டு, பிரிட்டன் அணி டோனி ஜாக்லினோட குட்டி பட்டை விட்டுக் கொடுத்தார். 16-16, அந்தக் கோப்பையோட முதல் டை. அமெரிக்க அணியில சிலருக்கே அது பிடிக்கலை. இன்னிக்கு அந்த வருஷத்துல யார் எத்தனை மேட்ச் ஜெயிச்சாங்கன்னு யாருக்கும் ஞாபகமில்லை, அந்தப் பட்டு மட்டும் நிக்குது. நீயும் சந்தேகம் வந்தா விட்டுக் கொடு.

5. பந்தயம் டிபன் அளவுல இருக்கட்டும்

"நாஸா"ன்னு ஒண்ணு சொல்வாங்க, ராக்கெட் விடற நாஸா இல்லை. முதல் ஒன்பது ஹோலுக்கு ஒண்ணு, அடுத்த ஒன்பதுக்கு ஒண்ணு, மொத்தத்துக்கு ஒண்ணுன்னு மூணு பந்தயம். முதல் பாதியில தோத்தவங்களுக்கும் ரெண்டாவது பாதி உயிரோட இருக்கும், அதான் சௌகரியம். முதல் ஒன்பதுக்கு டிபன், அடுத்ததுக்கு காபி, மொத்தத்துக்கு அடுத்த வாரப் பந்துன்னு வச்சுக்கோ. பணம்னு யாராவது ஆரம்பிச்சா, "நான் புதுசு, டிபனோட நிறுத்திக்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. முதல் டீல சொன்னா அது நியாயம். பத்தாவது டீல சொன்னா பின்வாங்கறதாயிடும்.

எதிரும் புதிருமா ஆட மனசு ஒப்பலைன்னா ஸ்டேபிள்ஃபோர்ட் இருக்கு. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுன்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சது. 1932-ல இங்கிலாந்துல வாலஸி கிளப்ல முதல் போட்டி நடந்தது. ஸ்ட்ரோக் கழிச்சு பார் அடிச்சா 2 பாயின்ட், போகிக்கு 1, பர்டிக்கு 3, போகியைவிட மோசமானா முட்டை. ஒரு ஹோல்ல பத்து அடிச்சாலும் நஷ்டம் அந்த ஹோலோட சரி.

6. பையும் வழியும்

பையில பதினாலு கிளப்புக்கு மேல கூடாது. உன் பந்துல ஸ்கெட்ச் பேனாவால தெளிவா ஒரு அடையாளம் போடு. ஃபோர்பால்ல நாலு பேர் பந்தும் ஒரே பிராண்டா இருக்கறது சகஜம். காலர் வச்ச டி-ஷர்ட், தொப்பி, ஒரு கூடுதல் கிளவுஸ் (வேர்வையில முதல் கிளவுஸ் பத்தாவது ஹோலுக்குள்ள ஊறிடும்), சின்ன டவல், கொசு மருந்து. ஒரு ஃப்ளாஸ்க்ல உப்பு போட்ட நீர்மோர், இஞ்சியும் பெருங்காயமும் தூக்கலா. நாலு கடலை மிட்டாய். மிட்டாயை நாலு பேருக்கும் எண்ணி எடுத்துட்டுப் போ. எதிர் ஜோடிக்கும் நீட்டற பழக்கம் நல்லது.

வழி விஷயம். மயிலாப்பூர்லேருந்து வந்தா சேமியர்ஸ் ரோடு, தி.நகர்லேருந்து வெங்கடநாராயணா ரோடு, அடையாறுலேருந்து கோட்டூர்புரம் பாலம் தாண்டி டர்ன்புல்ஸ் ரோடு. ஆனா ரெண்டாம் கட்ட மெட்ரோ வேலை லஸ், ஆழ்வார்பேட்டை, நந்தனம், பனகல் பார்க்னு நம்ம பேட்டை முழுக்க நடக்குது. போன மாசம் போன வழி இந்த மாசம் ஒன்வேயா இருக்கும். 6 மணி டீ டைம்னா 5.30-க்கு பட்டிங் கிரீன்ல நில்லு. அப்படியும் உன் ஜோடி மாட்டிக்கிட்டா பதறாதே. ஃபோர்பால்ல நீ தனியா ஆரம்பிக்கலாம், அவங்க அடுத்த ஹோல் தொடங்கறதுக்கு முன்னால வந்து சேர்ந்துக்கலாம். ஃபோர்சம்ஸ்ல அந்த வசதி கிடையாது.

ஆட்டம் கிண்டியிலன்னா, கிளம்பறதுக்கு முன்னால கிளப் ஆஃபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடு. ஜிம்கானாவோட கோல்ஃப் மைதானம் ரேஸ் கோர்ஸுக்குள்ள இருக்கறது. அந்த நிலத்தோட குத்தகையை அரசு 2024 செப்டம்பர்ல ரத்து பண்ணினது உனக்கும் தெரியும்.

7. "ஸாரி"க்குத் தடை

இது முதல் டீக்கு முன்னால பேச வேண்டிய கடைசி விஷயம். உன் ஜோடிகிட்ட சொல்லிடு: "இன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஸாரி சொல்லிக்கக் கூடாது." ஒவ்வொரு ஸாரிக்கும் அவங்க "பரவாயில்லை"ன்னு பதில் சொல்லணும். பதினெட்டு ஹோல்ல அது ஒரு வேலையாவே ஆயிடும். மோசமான ஷாட்டுக்கு அப்புறம் பத்தடி சும்மா நட. பேச்சு வேணும்னா மார்கழி சீசன்ல எந்த சபா கேன்டீன்ல எது நல்லா இருந்ததுன்னு பேசு.

கேட்காம ஸ்விங் பாடம் எடுக்காதே. உனக்கு யாராவது எடுத்தா "ஆட்டம் முடிஞ்சதும் ரேஞ்ச்ல காட்டுங்களேன்"னு சொல்லிடு. யோசனை கேட்கறதுன்னா உன் ஜோடிகிட்டயோ, உங்க கேடிகிட்டயோ மட்டும். எதிர் ஜோடிகிட்ட "எந்த அயர்ன் எடுத்தீங்க?"ன்னு கேட்டாலே பெனால்டி. கொடிக்கு எவ்வளவு தூரம்னு கேட்கலாம், அது எல்லாருக்கும் பொதுவான விஷயம். உன் ஜோடி பட் பண்ணும்போது அவங்க பந்துக்கு நேர் பின்னால வரிசையில நிக்காதே. அதுக்கும் ரூல் இருக்கு.

எதிர் ஜோடி நல்லா அடிச்சா வாய்விட்டுப் பாராட்டு. அவங்க பந்து பங்கரை நோக்கி உருளும்போது மட்டும் "ஆஹா" சொல்லிடாதே!

8. பந்தை எடுக்கத் தெரிஞ்சுக்கோ

ஃபோர்பால்ல உன் ஜோடி 4 போட்டாச்சு, நீ இன்னும் ரஃப்ல அஞ்சாவதை அடிக்கத் தயாராகறேன்னா, ஸ்ட்ரோக் கழிச்சாலும் ஸ்கோரை மாத்த முடியாது. பந்தை எடுத்துப் பாக்கெட்ல போடு. அப்புறம் மத்தவங்களுக்குக் கொடியைப் பிடி. காணாமப் போன பந்தைத் தேட 2019-லேருந்து மூணே நிமிஷம்தான், முன்னே மாதிரி அஞ்சு இல்லை. ஆத்தங்கரைப் புதர்ல கையை விட்டுத் தேடவே வேண்டாம், பாம்பு இருக்கும். பந்து போனா போகட்டும்.

பந்து யார் பக்கமாவது திரும்பினா கூச்சப்படாம "ஃபோர்!"னு கத்து. உன் ஜோடி அடிக்கறதுக்கு முன்னால ஃபேர்வேல முந்தி நடக்காதே. ஐப்பசியில இடி சத்தம் கேட்டா, நீங்க நாலு அப் இருந்தாலும் சரி, ஆட்டத்தை நிறுத்திட்டு கிளப் ஹவுஸுக்கு நட. மரத்தடி வேண்டாம், ஆட்டம் அப்புறம் தொடரலாம்.

9. கேடி அண்ணனைக் கேளு

நம்ம கோர்ஸ்ல கேடியா வர்றவங்க பல பேர் அந்த கிரீன்கள்லயே வளர்ந்தவங்க. ஈரப் புல்லுல பட் எவ்வளவு மெதுவா ஓடும், எந்த ஹோல்ல காத்து ஏமாத்தும்னு ரேஞ்ச்ஃபைண்டர் சொல்லாததை அவங்க சொல்வாங்க. பேரைக் கேட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடு, பெரியவரா இருந்தா அண்ணன்னு சொல்லு. முதல் ஹோல்லயே "இந்த கிரீன்ல எதைப் பார்க்கணும் அண்ணே?"ன்னு கேட்டுப் பாரு, அன்னிக்கு முழுக்க உன் பக்கம்தான். ஜோடிக்கு ஒரு கேடின்னா யார் எவ்வளவு தரணும்னு முன்னாலேயே பேசிக்கோ. ஆட்டம் தோத்தாலும் அந்தக் காசுல கை வைக்காதே.

பை தூக்கறவங்க எவ்வளவு முக்கியம்னு கேட்டா கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கைப் பாரு. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம், வெண்கலம் ஒரே ஸ்ட்ரோக்ல போச்சு. அந்த வாரம் அவங்களுக்கு கேடி யார் தெரியுமா? அவங்க அம்மா.

10. பதினெட்டாவது கிரீனுக்கு அப்புறம்

தொப்பியைக் கழட்டு, மத்த மூணு பேர்கிட்டயும் கேடிகிட்டயும் கை குடு. ஸ்கோர் போட்டின்னா கார்டை ஹோல் ஹோலா வாய்விட்டுப் படிச்சு சரி பார்த்துக் கையெழுத்துப் போடு. மெம்பர் ஒருத்தரோட விருந்தாளியா போயிருந்தா கிரீன் ஃபீ அவங்க கணக்குல ஏறியிருக்கும். அதை முந்தின நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கோ, அன்னிக்கே குடுத்துடு. டிபன் கிளப்லயா வெளியிலயான்னும் தீர்மானமா இருக்கட்டும். கிளப்ல பில்லுக்குக் கையெழுத்து மெம்பரால மட்டும்தான் போட முடியும், தோத்தது நீயா இருந்தா தர்மசங்கடம். மயிலாப்பூர்ப் பக்கம் வந்தா ராயர் கபேல இட்லியும் கெட்டிச் சட்னியும் சாப்பிடலாம், யார் வேணா காசு குடுக்கலாம். இடம் சின்னது, ஆட்டம் முடிச்சு லேட்டா வர்றவங்களுக்காக அது காத்திருக்காது.

சாப்பாட்டு நேரத்துல ஆட்டத்தை அலசலாம், ஆனா உன் ஜோடி தவறவிட்ட பட்டை நீ எடுக்காதே. அவங்களே எடுத்தா சிரிச்சுக்கோ.

ஒருவேளை அந்த ஜோடி உனக்கு ஒத்துவரலைன்னு வச்சுக்கோ. சிலர் வாயே திறக்க மாட்டாங்க, சிலர் வாயை மூட மாட்டாங்க. அதை வெளியில சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம். அடுத்த வாரம் "சிக்ஸஸ் ஆடலாமா?"ன்னு நீயே கேளு. ஆறு ஹோலுக்கு ஒரு தடவை ஜோடி மாறும். பதினெட்டு ஹோல்ல நாலு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ஒரு தடவையாவது ஜோடி சேர்ந்திருப்பாங்க. யாருக்கு யார் பொருந்தறாங்கன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நாலு பேருக்கும் தெரிஞ்சிடும். சரி, இப்போ தூங்கு. நாளைக்கு முதல் வேலையா அந்த குரூப்ல மூணே கேள்வி போடு: என்ன ஆட்டம், எத்தனை சதவீதம், டிபன் எங்கே?